கொட்டாத குளவி

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாருமில்லை. எந்நேரமும் இடது தோளில் ஓர் ஈரத்துணி கிடக்கும். அதனால் ஈரத்துணியக்கா, அவசரத்துக்கு வெறும் அக்கா. வீட்டின் முன்னறைகள் இரண்டையும் ஒழித்துப் போட்டு, வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் ஏழு பேரைக் காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரை பார்த்துக்கொள்கிறாள். மேசைக்கால், கதவுப்பிடி, பொம்மை யானையின் காது மடல் என்று கண்ணில் படுவதையெல்லாம் துடைப்பாள். கொஞ்சம் அசையாமல் நின்றால் நம்மையும் துடைத்துவிடுவாள் என்பார் எதிர்வீட்டுச் சலவைக்கடைக்காரர். சொல்லிவிட்டுப் போகட்டும். ஒன்பது வருஷத்தில் "உங்ககிட்ட விட்டதாலதான் பிள்ளைக்கு இப்படி ஆச்சு" என்று ஒரு வாய் அவளைச் சொன்னதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்த வாயும் திறந்தது. வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறவளின் வாய். மூன்று வயது மகனை அழைத்துப்போக வந்தவள், அவன் சட்டைக் கையை உயர்த்திப் பார்த்தாள். முழங்கைக்கு மேலே சட்டைப் பொத்தான் அளவுக்குச் சிவந்து தடித்திருந்தது. நிமிர்ந்தாள். ஜன்னல் கண்ணாடியில் கறுப்பாக ஏதோ ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. நீளக் கால்கள், நீள மீசை, இறக்கை.

"என்னக்கா இது? குளவியா?"

"தெரியலம்மா. மூணு நாளா ஒண்ணு ரெண்டு வருது. நானும் தொரத்தித் தொரத்தி..."

"மூணு நாளாவா! தெரிஞ்சேதான் விட்டு வெச்சிருக்கீங்களா?"

அக்கா தோள்துணியை உருவி ஓங்கி ஒரு போடு போட்டாள். பூச்சி கண்ணாடியில் நசுங்கி ஒட்டிக்கொண்டது. டைப்பிஸ்ட்டுக்கு அது போதவில்லை. நாள் முழுக்க நோட்டீஸும் வாக்குமூலமும் அடிக்கிற விரல்கள். வாய்ப்பேச்சில் அவளுக்கு என்றைக்குமே நம்பிக்கை கிடையாது.

"சனிக்கிழமை எல்லா அப்பா அம்மாவும் இங்க கூடுவோம்ல? அன்னிக்கு எனக்கு இது என்ன பூச்சி, கொட்டுமா கொட்டாதான்னு தெரிஞ்சாகணும். வாயால இல்ல, எழுத்துல. இல்லாட்டி திங்கக்கிழமையிலேர்ந்து இவன் வரமாட்டான்."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் பஸ் ஏறுவதற்குள் மற்ற ஐந்து வீட்டுக்கும் போனில் செய்தி போயிருந்தது. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? பிள்ளை பார்க்கிற வேலையில் பேர்தான் முதல். ஒரு பிள்ளை இதற்காக நின்றால் ஏழும் நிற்கும். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு சுவரைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அக்காவின் வீட்டுக்காரர் நல்ல மனுஷர். மின்சாமான் கடையில் டெலிவரி வண்டி ஓட்டுகிறவர். எதையும் சுருக்கு வழியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் அவருக்கு. புதன்கிழமை காலை விடிந்ததும் விடியாததுமாக, பூச்சிமருந்து அடிக்கிறவர் ஒருவரைத் தொட்டியும் குழாயுமாகக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார். வந்தவர் கண்ணாடியில் காய்ந்திருந்த கறையைப் பார்த்தார். "விஷக்குளவி" என்றார்.

"இதுக்கு முன்னாடி பாத்திருக்கீங்களாண்ணே?" என்றாள் அக்கா.

"பாக்கணுமா என்ன? கறுப்பா இருக்கு, இறக்கை இருக்கு. ரூம் முழுக்க அடிச்சுடலாம்மா. ரெண்டு நாளைக்குப் பிள்ளைங்க மட்டும் வேணாம்."

"எங்க வீட்டுக்காரர் மீசைகூடத்தான் கறுப்பா இருக்கு. அதுக்கும் அடிப்பீங்களா?"

வீட்டுக்காரர் மீசையைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

"பேர் தெரியாததுக்கு மருந்து அடிக்க விடமாட்டேன். பிள்ளைங்க கீழ விழுந்ததை எடுத்து வாயில வெக்கிற தரை இது. முதல்ல இது யாருன்னு தெரியட்டும், அப்புறம் உங்களைக் கூப்பிடறேன்."

மருந்துக்காரர் முணுமுணுத்துக்கொண்டே போனார். வீட்டுக்காரர் தலையில் கைவைத்தார். "ஆழம் தெரியாம காலை விடற நீ. நாலு நாள்ல என்னத்தக் கண்டுபிடிப்ப?"

"கண்டுபிடிப்பேன்" என்றாள். அவ்வளவுதான். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். அதனால்தான் அவள் துடைத்த பாத்திரத்தில் முகம் தெரியும்.

முதல் பாடம் அடித்தால் ஆகாது என்பது. நசுங்கிய கறையைக் காட்டி யாரிடம் என்ன கேட்பது? ஒரு கண்ணாடித் தம்ளரும் காலண்டர் அட்டையும் எடுத்து ஜன்னலோரம் வைத்துக்கொண்டாள். பத்து மணிக்கு அடுத்தது வந்தது. தம்ளரைக் கவிழ்த்து, அட்டையை அடியில் நுழைத்து, உயிரோடு பிடித்து மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலுக்கு மாற்றினாள். ஏழு பிள்ளைகளும் மூச்சை அடக்கிக்கொண்டு சுற்றி நின்றார்கள்.

அப்போதுதான் அதை நன்றாகப் பார்த்தாள். உடம்பெல்லாம் கறுப்பு, கண் மட்டும் நீலம். நெஞ்சு பெரிசு, வயிறோ சின்னஞ்சிறு முக்கோணம். அது ஒரு மெல்லிய காம்பில் முதுகின் மேல்பக்கத்திலிருந்து தொங்கியது. அந்தத் துக்குணி வயிற்றை மேலும் கீழும் ஓயாமல் ஆட்டிக்கொண்டே நடந்தது.

"அத்தை, வாலாட்டுது!" என்றாள் இரட்டைப் பெண்களில் ஒருத்தி. அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு அது வாலாட்டி.

போனில் படம் எடுத்துத் தேடினாள். ஒருமுறை இறக்கை முளைத்த எறும்பு என்றது, இன்னொருமுறை சிலந்தி என்றது. "ஒழுங்கா காலை எண்ணிப் பாரு, தடிப்போனே" என்று அதட்டிவிட்டுக் கீழே வைத்தாள். சலவைக்கடைக்காரர் வந்து பார்த்து, மண்கூடு கட்டுகிற குளவி என்று அடித்துச் சொன்னார். அக்கா முக்காலி போட்டு ஏறி மூலை முடுக்கெல்லாம் தடவினாள். ஒரு பொட்டு மண் இல்லை. பிள்ளைகள் எப்போது தூங்கினார்கள், எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று எழுதும் நோட்டில் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, 'பூச்சி' என்று தலைப்புப் போட்டாள். புதன் காலை பத்து, ஒன்று, ரயில் பக்கத்து ஜன்னல். பகல் ஒன்றரை, ஒன்று, ரயில் பக்கத்து ஜன்னல். வியாழன் காலை ஒன்பது, இரண்டு, அதே ஜன்னல்.

ரயில் என்பது அந்த வீட்டின் பெருமை. ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி, வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டி என்று வீட்டுக்காரர் கடைக் குடோனிலிருந்து கேட்டு வாங்கிவர, இரண்டு பேருமாக வெட்டி ஒட்டிய மூன்று பெட்டி ரயில். பிள்ளைகள் உள்ளே தவழ்வார்கள், படுப்பார்கள், டிக்கெட் கிழிப்பார்கள். கடையில் விற்கிற பசையில் என்ன விஷத்தைக் கலக்கிறார்களோ என்று, அக்கா வாராவாரம் மைதாமாவில் பசை காய்ச்சிக் கிழிந்த இடத்தில் அட்டைமேல் அட்டையாக ஒட்டுவாள். பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்கள் அந்த ரயிலைப் பார்த்ததும் பாதி முடிவு செய்துவிடுவார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில், அக்கா கதவைச் சாத்திக்கொண்டு பாட்டிலைத் திறந்து தன் முழங்கையில் கவிழ்த்துப் பிடித்தாள். சாப்பிட வந்த வீட்டுக்காரர் பார்த்துப் பதறிப்போனார்.

"ஏய், என்ன பண்ற? உனக்குப் புத்திகித்தி கெட்டுப்போச்சா?"

"சத்தம் போடாதீங்க, பிள்ளைங்க எந்திரிக்கும். கொட்டறதா இருந்தா முதல்ல என்னைக் கொட்டட்டும்."

பூச்சி கையில் இறங்கியது, நடந்தது, வயிற்றை ஆட்டியது. ஊதிப் பார்த்தாள். விரலால் மெல்ல அமுக்கியும் பார்த்தாள். அவள் கையை அது ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. முழுசாகக் கால் மணி நேரம். ஒரு சின்னக் கடிகூட இல்லை. அக்காவுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. ஆனால் டைப்பிஸ்ட் எழுத்தில் அல்லவா கேட்டிருக்கிறாள்!

வெள்ளிக்கிழமை காலை நாத்தனாரை லீவு போடச்சொல்லிப் பிள்ளைகளோடு உட்காரவைத்தாள். "அண்ணி, ஒரு பூச்சிக்காகவா இவ்வளவு?" என்றாள் நாத்தனார். "பூச்சிக்கு இல்லடி, என் பேருக்கு" என்று சொல்லிவிட்டு, பாட்டிலைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஒன்றரை மணி நேரப் பயணம். வேளாண் கல்லூரியில் பூச்சிகளுக்கென்றே ஒரு கட்டடம் இருக்கிறதாம், சலவைக்கடைக்காரர் எங்கோ விசாரித்துச் சொன்னது. மனுஷர் குளவி விஷயத்தில் உளறினாலும் இதில் உருப்படியாக ஒன்று செய்தார்.

வாசல் காவலாளி பாட்டிலைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. "பூச்சியம்மாவா? மாடியில மூணாவது ரூம்" என்றார். பூச்சியம்மாவுக்கு அக்காவைவிட வயது குறைவுதான். காதில் பென்சில், மேசை முழுக்க ஊசி குத்திய வண்டுகள். பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"அட, கொடிக்குளவி! எங்க பிடிச்சீங்க?"

"வீட்டுக்குள்ள. கொட்டுமாம்மா? பிள்ளைங்க இருக்கற வீடு."

"இதுவா? இதுக்கு மனுஷனே கண்ணுக்குத் தெரியமாட்டான். வயித்தைக் கொடி ஆட்டற மாதிரி ஆட்டுதில்ல, அதான் பேரு. கொட்டாது, கடிக்காது, ஒரு நோயும் பரப்பாது."

"ஒரு பையனுக்குக் கையில தடிச்சிருக்கு."

"என்ன கடிச்சுதுன்னு என்னால சொல்ல முடியாதுக்கா. கொசுவா இருக்கலாம், எறும்பா இருக்கலாம். இது இல்லைன்னு மட்டும் எழுதித் தர்றேன்."

அக்கா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். நாலு நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. அப்படியே எழுந்து வந்திருக்கலாம். ஆனால் அவளால் ஒரு கறையைப் பாதி துடைத்து விடமுடியாதே.

"அப்படின்னா மனுஷன் வீட்டுக்குள்ள இதுக்கு என்னம்மா வேலை?"

"கரப்பான் முட்டை" என்றாள் பூச்சியம்மா. "கரப்பான் ஒரு பை மாதிரி முட்டைக்கூடு வெக்கும், அவரை விதை அளவுல. இது அதைத் தேடிப்போய் உள்ள ஒரு முட்டை விடும். இதோட குஞ்சு கரப்பான் முட்டை மொத்தத்தையும் தின்னுட்டு வெளிய வரும். இதுக்கு வேற பிழைப்பே கிடையாது. கரப்பான் இல்லாத இடத்துல இது இருக்காது."

"என் வீட்டுல கரப்பான் கிடையாது" என்றாள் அக்கா. குரல் தானாக உயர்ந்துவிட்டது.

பூச்சியம்மா வாதாடவில்லை. காகிதம் எடுத்து எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தினாள். நாலு வரி. கொடிக்குளவி என்பது ஒன்று, மனிதரைக் கொட்டாது என்பது ஒன்று, நோய் பரப்பாது என்பது ஒன்று. நாலாவது வரி: 'இது கரப்பான் முட்டைக்கூட்டில் மட்டுமே வளரும், ஆகவே இது தொடர்ந்து காணப்படும் வீட்டில் கரப்பான்கள் உள்ளன.'

"இந்தக் கடைசி வரி..." என்று இழுத்தாள் அக்கா.

"பூச்சியைப் பத்தித்தானே கேட்டீங்க? இதுவும் பூச்சியைப் பத்தினதுதான்."

பஸ்ஸில் திரும்பும்போது அக்காவுக்கு அவமானத்தில் காது சுட்டது. ஈரத்துணியக்கா வீட்டில் கரப்பானா? வீட்டுக்குள் நுழைந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சமையலறையிலிருந்து தொடங்கினாள். அலமாரிக்குப் பின்னால் பார்த்தாள். தொட்டிக்கு அடியில் பார்த்தாள். சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அவள் வீட்டுச் சமையலறையில் ஓர் எறும்புக்கே வழி தெரியாது. பிள்ளைகள் எல்லாரும் கிளம்பிய பிறகு நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் படித்தாள். பத்துப் பன்னிரண்டு வரி இருந்தது. எல்லா வரியிலும் ஒரே ஜன்னல்.

கத்தியை எடுத்துவந்து ரயிலின் முதல் பெட்டியை ஓரத்தில் கீறினாள். மைதாப் பசை காய்ந்து இறுகியிருந்த அட்டையை இழுத்துப் பிரித்தாள். உள்ளேயிருந்து பழுப்பாக ஒன்று விருட்டென்று ஓடியது. அதன் பின்னால் இன்னொன்று. அட்டை மடிப்புகளுக்குள் வரிசையாக முட்டைக்கூடுகள். சிலவற்றில் ஒரு பக்கம் வட்டமாக ஓட்டை, வாலாட்டி வெளியே வந்த வழி. குடோன் அட்டையில் ஏறி வந்த கரப்பானுக்கு வாராவாரம் மாவுப்பசை ஊட்டி வளர்த்திருக்கிறாள். நக்கினாலும் கெடுதல் இல்லாத பசை. கரப்பானுக்கும் கெடுதல் இல்லை. மேலே துடைத்தாள், துடைத்தாள், உள்ளே பார்க்கவே இல்லை.

வீட்டுக்காரர் வந்து பார்த்தபோது அவள் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அழுதுகொண்டே அடுத்த பெட்டியைக் கீறிக்கொண்டுமிருந்தாள். அவரும் உட்கார்ந்து பிரித்தார். எட்டு மணிக்குள் ரயிலைப் பின்கட்டில் போட்டுக் கொளுத்தினார்கள். அறை முழுக்கச் சோப்புத்தண்ணீர் ஊற்றித் தேய்த்தார்கள்.

அதன் பிறகுதான் அவர் காகிதத்தைப் படித்தார். படித்து, கொஞ்சம் யோசித்து, வெளியே போனார். வரும்போது கையில் ஆறு ஜெராக்ஸ். கடைசி வரியின் மேல் ஒரு வெள்ளைத்தாள் துண்டை வைத்து எடுத்திருக்கிறார். மூன்று வரி, கையெழுத்து, முத்திரை. பார்த்தால் ஒன்றும் தெரியாது.

"பொய் ஒண்ணும் இல்லையே" என்றார். "அவங்க கேட்டது கொட்டுமா கொட்டாதா. அதுக்குப் பதில் இருக்கு. கரப்பானைத்தான் ஒழிச்சாச்சே. தானா போய் வாயைக் குடுக்காத."

அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், அந்த மூன்று வரியைப் பார்த்தபோது அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு வீட்டாரும் வந்தார்கள். ரயில் எங்கே என்று ஒருவர் கேட்க, "பழசாயிடுச்சு" என்று வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். ஜெராக்ஸை எல்லார் கையிலும் கொடுத்தார். அக்கா பாட்டிலைத் திறந்து, மிச்சமிருந்த ஒரு பூச்சியைக் கையில் ஏறவிட்டுக் காட்டினாள். அது முழங்கை வரை நடந்து போனது. ஒரு தாய் 'ஐயோ' என்றாள், மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். இரட்டைப் பெண்களின் அப்பா, "இதுக்குப் போயா இவ்வளவு கலாட்டா?" என்று டைப்பிஸ்ட்டைப் பார்த்தார். அவள் முகம் சிவந்துபோனது. காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "முத்திரை இருக்கு. எனக்குப் போதும்" என்று சொல்லிப் பைக்குள் வைக்கப் போனாள்.

எல்லாரும் எழுந்தார்கள். வீட்டுக்காரர் கண்ணாலேயே 'முடிந்தது' என்றார். நிஜமாகவே முடிந்திருந்தது. பூச்சி ஏன் வந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

"ஒரு நிமிஷம் உக்காருங்க" என்றாள் அக்கா. "உங்க கையில இருக்கற காகிதத்துல ஒரு வரி கொறையுது."

அசல் காகிதத்தைப் பிரித்து நாலாவது வரியைச் சத்தமாகப் படித்தாள்.

"இந்தப் பூச்சி உங்க பிள்ளைங்களைக் கொட்டல. ஆனா கரப்பான் முட்டைக்காகத்தான் இங்க வந்துது. கரப்பான் அந்த ரயிலுக்குள்ள இருந்துச்சு. அட்டை கொண்டாந்தது இவரு, பசை காய்ச்சி ஒட்டுனது நானு. பிள்ளைங்க அதுக்குள்ள படுத்து வெளையாடிச்சு. நேத்துதான் பிரிச்சுப் பாத்தேன், நேத்தே எரிச்சாச்சு. இன்னும் ஒண்ணு ரெண்டு எங்கயாச்சும் இருக்கலாம். இல்லவே இல்லைன்னு சத்தியம் பண்ணமாட்டேன். தெனம் தேடறேன். வர்றவங்க இதைத் தெரிஞ்சுக்கிட்டு வரணும்."

முதலில் வாய் திறந்தவர் இரட்டையர் அப்பா. "அப்போ தோள்ல துணி போட்டுக்கிட்டுத் திரியறதெல்லாம் வேஷமா?" என்றார். அக்காவை யாரோ அறைந்தது போலிருந்தது. "வேஷம் இல்ல சார். தப்பு" என்றாள். அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார். இன்னும் இரண்டு வீட்டார் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள். டைப்பிஸ்ட் மட்டும் அசல் காகிதத்தைக் கேட்டு வாங்கினாள். ஜெராக்ஸையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு தரம் படித்தாள். அசலை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

"நுணலும் தன் வாயால் கெடும்" என்றார் வீட்டுக்காரர், கதவைச் சாத்தியதும். "தப்பிச்சு வெளிய வந்தவ, திரும்பப் போய் மாட்டிக்கிட்ட."

"நாளைக்கு ஒருத்தி காலடியில ஒரு கரப்பான் ஓடுச்சுன்னா? அப்ப அந்த மூணு வரியும் பொய்யாயிடும். நான் கொட்டாதுன்னு சொன்னதையும் யாரும் நம்பமாட்டாங்க. போறவங்க போகட்டும். மறைச்சு வெச்சு ஏழு பிள்ளைங்களைப் பாத்துக்கறதுக்கு, சொல்லிட்டு ரெண்டு பிள்ளைங்களைப் பாத்துக்கறேன்."

இப்படி வீறாப்பாகப் பேசிவிட்டாளே தவிர, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு வாசலில் நின்றாள். யாரும் வரவில்லை. எட்டு ஐந்து. சலவைக்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கிவிட்டு, அவளைப் பார்த்து, ஏதும் கிண்டல் செய்யாமல் உள்ளே போனார். அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. எட்டுப் பத்துக்குத் தெருமுனையில் டைப்பிஸ்ட் திரும்பினாள். பையன் இடுப்பில் இருந்தான். வேக வேகமாக நடந்து வந்தாள். படியேறி, மூச்சு வாங்க நின்றாள்.

"இவனை எது கடிச்சுதுன்னு எனக்கு இன்னும் தெரியாதுக்கா" என்றாள். "உங்களுக்கும் தெரியாது."

"தெரியாதும்மா."

"ஆனா இங்க எது நடந்தாலும் இனிமே எனக்குத் தெரிய வரும். வேற எடத்துல விட்டா அது கிடைக்காது." பையனை இடுப்பிலிருந்து இறக்கி நீட்டினாள். "அதை எழுத்துல எல்லாம் நான் கேக்கமாட்டேன்."

அக்கா பையனை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, "சாப்பிட்டானா?" என்று மட்டும் கேட்டாள்.